சாவி போட்டதும் சோதனை முடிந்துவிடுமா?

‘செக் எஞ்சின்’ விளக்கு எரிந்தால் பதறுகிறோம், அணைந்தால் மறந்துவிடுகிறோம். அதை இயக்குவது ஓ.பி.டி. என்னும் தன்சோதனை அமைப்பு. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 கார்கள் அனைத்திலும் அது உண்டு. அது எதை, எப்போது சோதிக்கிறது என்பதில்தான் குழப்பம்.

நம்பிக்கை: சாவி போட்டதும் விளக்கு எரிந்து அணைந்தால் எல்லாம் சரி.

உண்மை: பல்பு வேலை செய்கிறது, இதுவரை பழுது எதுவும் உறுதியாகவில்லை என்பதற்கு மட்டுமே அது சாட்சி. மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமை), எரிபொருள் கலவை, சென்சார் வயரிங் ஆகியவற்றை எஞ்சின் ஓடும்போதெல்லாம் கணினி கவனிக்கிறது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சோதிக்கவோ எஞ்சின் நன்றாகச் சூடேறி, வேகம் சில நிமிடங்கள் சீராக இருக்க வேண்டும்.

நம்பிக்கை: தினமும் ஓட்டும் வண்டியில் எல்லாச் சோதனையும் தானாக முடிந்துவிடும்.

உண்மை: திருநெல்வேலியில் டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் இடையே, ஈரடுக்கு மேம்பாலத்தடியில் நின்று நின்று நகரும் காருக்கு அந்தச் சீரான வேகம் கிடைப்பது அரிது. நான்குவழிச் சாலையில் நாங்குநேரி வரை 70, 80 கி.மீ. வேகத்தில் போனால் கிடைக்கும். இடையிடையே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே வேகம் குறைய விடுவதும் சில சோதனைகளுக்குத் தேவை. பெட்ரோல் ஆவிக் கசிவைச் சோதிக்கும் கார்களில் நிபந்தனை இன்னும் கடுமை: எஞ்சின் இரவெல்லாம் ஆறியிருக்க வேண்டும், டேங்க் நிரம்பி வழியவும் கூடாது, வறண்டிருக்கவும் கூடாது. சித்திரை வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் அவற்றில் பலவும் அந்தச் சோதனையைத் தள்ளிப்போட்டுவிடும்.

நம்பிக்கை: பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் கோளாறு போய்விடும்.

உண்மை: போவது விளக்கும் பதிவும்தான். முடிந்திருந்த சோதனைகளும் அழிந்து, எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். பெரும்பாலான பழுதுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தென்பட்டால்தான் விளக்கு மறுபடி எரியும். பழைய கார் வாங்குவோர் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான். ஸ்கேனரை மாட்டிப் பாருங்கள்: முடியாத சோதனைகள் ‘நாட் ரெடி’ என்று காட்டிக்கொடுத்துவிடும்.

நம்பிக்கை: புகைச் சான்று இருந்தால் எஞ்சினில் குறையில்லை.

உண்மை: அங்கே நிற்கும் வண்டியின் சைலன்சர் புகையை அளக்கிறார்கள். ஓடும்போது தலைகாட்டும் பழுது அதில் சிக்காமல் போகலாம்.

ஆகவே, பதிவை அழிக்கும் முன் பழுதுக் குறியீட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழுது பார்த்தபின் நெடுஞ்சாலையில் ஓட்டி, சோதனைகள் முடிந்தனவா என்று மெக்கானிக்கிடம் ஸ்கேனரில் காட்டச் சொல்லுங்கள். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் காத்திருக்காதீர்கள். அது கடும் மிஸ்ஃபயரின் அறிகுறி; அதில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதையே உருக்கிவிடும். உடனே வேகத்தைக் குறைத்து, வண்டியை ஓரங்கட்டுங்கள்.