ரிமோட் காருக்கு சார்ஜர் வாங்கப் போறீங்களா?

● முதலில் பேட்டரி லேபிளைப் படியுங்கள். லிப்போவா, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடா? இரண்டுக்கும் சார்ஜ் ஏறும் முறை வேறு. லிப்போவை நிக்கல் சார்ஜரில் போட்டால் தீப்பிடிக்கலாம்.

● லிப்போவுக்கு ‘பேலன்ஸ்’ வசதியுள்ள சார்ஜரே தேவை. எந்த செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டாமல் அது பார்த்துக்கொள்ளும்.

● 5000 எம்.ஏ.எச். பேட்டரிக்கு 5 ஆம்பியர் போதும். சுமார் ஒரு மணி நேரத்தில் நிரம்பும். இரண்டு செல் லிப்போ என்றால் 8.4 வோல்ட் × 5 ஆம்பியர் = 42 வாட். 50 வாட் சார்ஜர் வாங்கலாம்.

● சில நாள் ஓட்டப் போவதில்லையா? லிப்போவை செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தும் ‘ஸ்டோரேஜ்’ வசதி அதன் ஆயுளைக் கூட்டும்.

● உப்பிய பேட்டரியை சார்ஜ் போடவே கூடாது. சார்ஜ் ஏறும்போது பக்கத்திலேயே இருங்கள். போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.