மரத்தில் பெயர்ப்பலகை செதுக்க: சி.என்.சி. பழகுவோருக்குச் சில குறிப்புகள்

செங்கோட்டை மரக்கடைகள் கூப்பிடு தூரத்தில் இருப்பதால், ஆய்க்குடிக்காரர்களுக்கு நல்ல பலகை கிடைப்பது சிரமமே இல்லை. சிறிய சி.என்.சி. இயந்திரத்தை வாங்கிவிட்டு, எந்த மென்பொருள், எவ்வளவு வேகம் என்று தடுமாறுவோருக்காக இவை.

1. வேலை மூன்று: வடிவம் வரைவது, பிட் (வெட்டும் உளி) போக வேண்டிய பாதையை ஜி-கோடாக, அதாவது இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது, அதை இயந்திரத்துக்கு அனுப்புவது. உங்கள் இயந்திரம் ஜிஆர்பிஎல் கட்டுப்பாட்டு நிரலில் ஓடும் வகை என்றால், ஈஸல் என்ற மென்பொருள் மூன்றையும் ஒரே திரையில் முடித்துவிடும்; ஆனால் இணையம் வேண்டும். அனுப்புவதற்கு மட்டும் என்றால் கேண்டில் போதும், இலவசம்.

2. காசு கொடுத்து வாங்கும் எண்ணம் இருந்தால், வீகார்வ் மென்பொருளின் சோதனைப் பதிப்பில் முதலில் பழகுங்கள். உங்கள் வடிவத்தின் ஜி-கோடை அது வெளியே தராது. ஆனால் வரைவது, பாதை போடுவது, செதுக்கினால் எப்படி வரும் என்று திரையில் பார்ப்பது எல்லாம் செய்யலாம்.

3. பென்டிரைவில் யாராவது ஆர்ட்கேம் என்ற செதுக்கு மென்பொருளின் திருட்டுப் பிரதியைக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2018-லேயே அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. அந்த வழியில் வந்ததுதான் இன்றைய கார்வெகோ.

4. தமிழ் எழுத்துதான் பெரிய தலைவலி. பல செதுக்கு மென்பொருள்களில் நேராகத் தட்டச்சு செய்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ‘வேலும் மயிலும் துணை’ என்பதை இலவச இங்க்ஸ்கேப்பில் தட்டச்சு செய்து, எழுத்தைப் பாதையாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகச் சேமித்துக் கொண்டுபோங்கள். பிறகு எங்கு திறந்தாலும் சிதையாது. தடித்த எழுத்துரு நல்லது. மெல்லிய சுழிகள் தேக்கில் பெயர்ந்துவிடும்.

5. வடிவம் வரையும் வேலைக்கு மரம் தூக்க வேண்டாம், நிற்க வேண்டாம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் இது கௌரவமான வருமானம் தரக்கூடிய தொழில். மாற்றுத்திறனாளிகளுக்காக 1981-ல் அமர் சேவா சங்கம் தொடங்கிய ஊர் நம்முடையது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவரையே முதலில் உட்கார வையுங்கள்.

6. வேகத்துக்கு ஒரே கணக்கு: ஸ்பிண்டில் சுற்று × பிட்டின் வெட்டு முனைகள் × ஒரு முனை ஒரு சுற்றில் எடுக்கும் கனம். 10,000 சுற்று, 2 முனை, 0.03 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 600 மி.மீ. 3 மி.மீ. பிட் போட்ட சின்ன இயந்திரத்துக்கு இது சரியான தொடக்கம். ஒரு தடவைக்கு ஆழம் அரை மி.மீ. போதும். பிட் மரத்துக்குள் இறங்கும் வேகத்தை இதில் மூன்றில் ஒரு பங்காக வையுங்கள்.

7. புதியவர்கள் பயந்துபோய் நகரும் வேகத்தைக் குறைப்பார்கள். கெடுதலே அங்குதான். பிட் வெட்டாமல் ஒரே இடத்தில் தேய்க்கும். சூடேறி மரம் கருகும், முனை மழுங்கும். விழுவதைக் கையில் எடுத்துப் பாருங்கள். மாவு மாதிரி இருந்தால் வேகத்தைக் கூட்டுங்கள், அல்லது சுற்றைக் குறையுங்கள். சிறு செதிலாக விழுந்தால் சரி. இயந்திரம் அதிர்ந்து கீச்சிட்டால் முதலில் ஆழத்தைக் குறையுங்கள்.

8. தேக்கில் மணல் சத்து உண்டு, முனையைச் சீக்கிரம் தின்றுவிடும். கார்பைடு பிட்டே வாங்குங்கள். பழகுவதற்குத் தேக்கை வீணாக்க வேண்டாம், எம்டிஎஃப் துண்டு போதும்.

9. முருகன் உருவம் போன்ற புடைப்பு வேலைக்கு உருண்டை முனை பிட். 3 மி.மீ. பிட்டுக்கு வரிசைகளுக்கு இடையே 0.3 மி.மீ. விடுங்கள். மணிக்கணக்கில் ஓடும், பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

10. குற்றாலத்தில் சீசன் என்றால் நம் வீட்டுப் பலகையும் ஈரம் குடிக்கும். ஈர மரத்தில் இழை எழும்பி, எழுத்தின் ஓரம் பஞ்சாகும். பலகைகளுக்கு இடையே குச்சி வைத்து அடுக்கி, காற்றோட்டமான அறையில் உலரவிட்டு, ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள் வந்தபின் செதுக்குங்கள்.

11. ஆடிக் காற்றில் மின்சாரம் போனால் இயந்திரம் தன் இடத்தை மறந்துவிடும். தொடக்கப் புள்ளியைப் பலகையின் மூலையில் பென்சிலால் குறித்து வையுங்கள். மடிக்கணினி தானாகத் தூங்கும் அமைப்பையும் நிறுத்திவிடுங்கள்.

12. மரத்தூள் நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். வேட்டி, துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை எதுவும் ஸ்பிண்டில் பக்கம் வரக்கூடாது. ஓடும்போது தூளைக் கையால் தள்ளவே தள்ளாதீர்கள்.