பிஎச்பி நிரலாளருக்கு ஒரு வழிகாட்டி: எந்தச் செய்தியைத் தொடர்வது, எந்தப் பயிற்சியைத் தேர்வது?

1995 ஜூனில் ரஸ்மஸ் லெர்டார்ஃப் தன் வலைப்பக்கத்துக்காக எழுதிய சில கருவிகளைப் பொதுவில் வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்த பிஎச்பிக்கு இப்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வேர்ட்பிரஸ், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி, கல்லூரிகள் பயன்படுத்தும் மூடில் எல்லாம் இந்த மொழியில் எழுதப்பட்டவைதான்.

இத்தனை காலம் நிலைத்த மொழியில் பாடங்களுக்குப் பஞ்சம் கிடையாது. அவற்றில் எது இன்றைக்குப் பொருந்தும் என்று பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடு. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சரியாக இருந்த பாடம் இன்றும் தேடுபவர் கண்ணில் முதலில் படுகிறது. புதிதாகக் கற்பவருக்கு அது பழையது என்று தெரிய வழியில்லை. ஆகவே எதைப் படிப்பது என்று முடிவு செய்யும் முன், உங்களுக்குத் தேவை செய்தியா பயிற்சியா என்று பிரித்துக்கொள்ளுங்கள். செய்தி என்பது மொழியில் என்ன மாறுகிறது, எப்போது மாறுகிறது என்பது. பயிற்சி என்பது அந்த மாற்றம் உங்கள் கைக்குப் பழகுவது. இரண்டையும் ஒரே இடத்தில் எதிர்பார்த்தால் இரண்டுமே அரைகுறையாக நிற்கும்.

செய்திக்கு மூன்று வழிகள்

முதல் வழி, பிஎச்பியின் அதிகாரப்பூர்வத் தளத்தில் உள்ள ஆதரவு அட்டவணை. ஆண்டுக்கு ஒரு புதிய பதிப்பு, நவம்பரை ஒட்டி வெளிவருகிறது. இப்போதைய விதிப்படி ஒரு பதிப்புக்கு இரண்டு ஆண்டுகள் முழு ஆதரவு, அதன்பின் இரண்டு ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். 8.1க்கான ஆதரவு 2025 டிசம்பர் 31உடன் முடிந்தது. 8.2க்கு 2026 இறுதி வரையும், 8.3க்கு 2027 இறுதி வரையும், 8.4க்கு 2028 இறுதி வரையும் திருத்தங்கள் வரும். உங்கள் சர்வரில் ஓடும் பதிப்பின் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்துவிட்டால், ஒரு நிரலாளருக்குத் தவிர்க்கவே முடியாத செய்தி கையில் வந்துவிட்டது. ஆண்டுக்குச் சில முறை பார்த்தாலே போதும், செலவும் இல்லை.

இரண்டாவது வழி, ஆர்எஃப்சி எனப்படும் முன்மொழிவு ஆவணங்கள். மொழியில் எந்த மாற்றம் வர வேண்டுமானாலும் அது முன்மொழிவாக எழுதப்பட்டு, விவாதிக்கப்பட்டு, வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு பெற வேண்டும். ஏன் இந்த மாற்றம், பழைய நிரலில் எது உடையும் என்பதை முன்மொழிந்தவரே எழுதியிருப்பார். ஆழமாகக் கற்க விரும்புபவருக்கு இது பெரும் புதையல். ஆனால் ஒரு முன்மொழிவைப் படித்துவிட்டு அது வரப்போவதாக முடிவு கட்டக் கூடாது. பைப் ஆபரேட்டர் 2021 வாக்கெடுப்பில் தோற்றது. வேறு வடிவில் மறுபடி முன்மொழியப்பட்டு, 2025 நவம்பரில் வந்த 8.5இல்தான் இடம்பெற்றது. அதைவிடப் பெரிய பாடம் பிஎச்பி 6. யூனிகோடை மொழியின் அடித்தளத்திலேயே கொண்டுவரும் அந்த முயற்சி 2010இல் கைவிடப்பட்டது. அதற்குள் அந்தப் பதிப்பின் பெயரைத் தாங்கிய புத்தகங்கள் கடைக்கு வந்துவிட்டன. 5க்கு அடுத்து நேராக 7 வந்தது 2015இல்.

மூன்றாவது வழி, பிறர் தொகுத்துத் தருபவை. பிஎச்பி வாட்ச், ஒவ்வொரு பதிப்பிலும் சேர்ந்தது, நீங்கியது, மாறியது என்று பிரித்து, சிறு எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது. 2021 நவம்பரில் தொடங்கப்பட்ட பிஎச்பி ஃபவுண்டேஷன், மொழியின் உட்பகுதியில் நடக்கும் வேலைகளைத் தொகுத்து வெளியிடுகிறது. பிஎச்பி ஆர்க்கிடெக்ட் 2002 முதல் வரும் கட்டண இதழ். நிதானமாக உட்கார்ந்து படிக்கும் கட்டுரைகளை விரும்புபவருக்கு ஏற்றது. லாராவெல், சிம்ஃபனி போன்ற ஃபிரேம்வொர்க்கில் வேலை செய்பவர் அவற்றின் வெளியீட்டுச் செய்தியையும் தனியாகத் தொடர வேண்டும். லாராவெலின் பெரிய பதிப்பு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. சிம்ஃபனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மே மாதத்திலும் நவம்பரிலும்.

இவற்றில் எதை எடுப்பது? பழைய நிரலைப் பராமரிப்பவருக்கு ஆதரவு அட்டவணையும், தொகுப்புகளில் வரும் ‘டெப்ரிகேட்’ ஆனவற்றின் பட்டியலும் போதும். புதிய வசதிகளைப் பற்றிய பகுதியை அவர் பிறகு படித்துக்கொள்ளலாம். நீங்கப்போவது எது என்பதை முதலில் படிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, வகுப்பில் அறிவிக்காத பண்புகளை ஓடும்போது சேர்ப்பது 8.2 முதல் எச்சரிக்கை தருகிறது. அதை அன்றே கவனித்தவருக்கு நிதானமாகத் திருத்த ஆண்டுகள் கிடைக்கின்றன. குழுவை வழிநடத்துபவர் முன்மொழிவுகளையும் சேர்த்துப் படிப்பது நல்லது. ஒரு பெரிய மாற்றத்துக்கு எத்தனை மாதம் ஒதுக்குவது என்று திட்டமிட அது உதவும்.

பயிற்சிக்கு ஐந்து வழிகள்

அதிகாரப்பூர்வக் கையேடு இலவசம். எந்தப் புத்தகத்தையும்விட நம்பகமானது. ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு மாறுவது பற்றித் தனி அத்தியாயங்கள் அதில் உண்டு. அவற்றுக்கு இணையான பயிற்சிக் குறிப்பு வேறு எங்கும் இல்லை. ஆனால் பக்கங்களின் அடியில் பயனர்கள் எழுதிய குறிப்புகளில் பல மிகப் பழையவை. தேதியைப் பார்க்காமல் அவற்றிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். வரிசையாகக் கற்பிக்கும் நூலாகவும் கையேட்டைக் கருத முடியாது. முதல்முறை கற்பவர் அதில் வழி தவறிவிடுவார்.

‘பிஎச்பி: தி ரைட் வே’ இலவசமாகக் கிடைக்கும் சுருக்கமான வழிகாட்டி. எதைப் பின்பற்றுவது, எதை விடுவது என்று திசை காட்டும். அடிப்படை தெரிந்தவர் ஒரு வார இறுதியில் படித்து முடிக்கலாம். பயிற்சிக் கணக்குகளை அதில் தேட வேண்டாம்.

வீடியோ பாடங்களில் லாராகாஸ்ட்ஸ், சிம்ஃபனிகாஸ்ட்ஸ் இரண்டும் பெயர் பெற்றவை. பெயர்களே சொல்வதுபோல் முன்னது லாராவெல் பக்கமும் பின்னது சிம்ஃபனி பக்கமும் சாய்ந்தவை. ஒரு ஃபிரேம்வொர்க்கில் வேலைக்குச் சேரப்போகிறவருக்கு இங்கே கட்டும் சந்தா வீண் போகாது. ஆனால் பார்ப்பது மட்டும் கற்பதாகிவிடாது. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் வீடியோவை மூடிவிட்டு, அதே வேலையைத் தானே எழுதிப் பார்ப்பவருக்குத்தான் கொடுத்த பணம் திரும்பும்.

நேரடி வகுப்பின் பலம், உங்கள் நிரலைப் பார்த்துத் திருத்த ஓர் ஆள் இருப்பது. அந்தத் திருத்தம் கிடைக்காத வகுப்புக்குக் கட்டணம் கட்டுவதில் பொருளில்லை. சேரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: பாடம் எந்தப் பதிப்பில் நடக்கிறது? மாணவர் எழுதியதை யார், எப்படித் திருத்துகிறார்? திருத்தம் மட்டுமே தேவை என்றால் எக்ஸர்சிசம் தளத்தில் பிஎச்பிக்கான பயிற்சிகள் இலவசமாக உள்ளன. உங்கள் விடையைப் படித்துக் கருத்துச் சொல்லத் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள்.

ஐந்தாவது வழி, உங்கள் சொந்த நிரலிலேயே கற்பது. பிஎச்பிஸ்டான் நிரலை ஓட்டாமலே படித்துத் தவறுகளைக் காட்டும் கருவி. அதன் கண்டிப்பு பூஜ்யத்தில் தொடங்கிப் படிப்படியாக உயர்கிறது. ஒவ்வொரு படி ஏறும்போதும் வகைகளைப் பற்றி ஒரு புதிய பாடம் கிடைக்கும். ரெக்டர், பழைய எழுத்துமுறையைப் புதியதாக மாற்றித் தரும். அது மாற்றிய ஒவ்வொரு வரியையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், பதிப்புகளுக்கு இடையிலான வேறுபாடு மனத்தில் தங்கிவிடும். ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சி இல்லை என்றே நினைக்கிறேன்.

பழைய பாடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

எந்தப் புத்தகம், வீடியோ, வகுப்பு என்றாலும் நான்கு இடங்களைப் புரட்டிப் பாருங்கள்.

ஒன்று, தரவுத்தளப் பாடம். பழைய மைஎஸ்க்யூஎல் நீட்டிப்பின் செயற்கூறுகளைக் கற்பித்தால் உடனே மூடிவிடுங்கள். அந்த நீட்டிப்பு 7.0இலேயே நீக்கப்பட்டுவிட்டது. பிடிஓ அல்லது மைஎஸ்க்யூஎல்ஐ இருக்க வேண்டும். வினவலுக்குள் பயனர் தந்த சொல்லை நேராக ஒட்டாமல், தயார்செய்த வினவல்களைக் கற்பிக்க வேண்டும்.

இரண்டு, கடவுச்சொல். எம்டி5 கொண்டு சேமிக்கச் சொல்லும் பாடம் ஆபத்தானது. இதற்கென்றே தனிச் செயற்கூறு 2013இல் வந்த 5.5 முதல் மொழியிலேயே இருக்கிறது.

மூன்று, கம்போசர். 2012 முதல் லைப்ரரிகளைக் கொண்டுவரும் வழி இதுதான். கோப்புகளை ஒவ்வொன்றாக இணைக்கச் சொல்லி முடிந்துவிடும் பாடம், வேலையிடத்துக்கு உங்களைத் தயார் செய்யாது.

நான்கு, வகைகளும் எனம்களும். செயற்கூறுகளுக்கு வகை அறிவிக்காத, 8.1இல் வந்த எனமைத் தொடாத பாடம் இன்றைய பிஎச்பியின் பாதியைத்தான் காட்டுகிறது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எழுதித்தரும் நிரலுக்கும் இதே நான்கு சோதனைகளையும் வையுங்கள். அவை கற்றவற்றில் பழைய நிரலும் கலந்திருக்கிறது.

யாருக்கு எது?

புதிதாகத் தொடங்குபவர்: இந்த நான்கு சோதனையிலும் தேறிய ஒரே ஒரு பாடத்தொடர், கூடவே எக்ஸர்சிசம். செய்தி பக்கம் ஆறு மாதம் போகவே வேண்டாம்.

7.4 அல்லது அதற்கும் பழைய நிரலைப் பராமரிப்பவர்: 7.4க்கான திருத்தங்கள் 2022 நவம்பரிலேயே நின்றுவிட்டன. கையேட்டின் மாறுதல் அத்தியாயங்களை வரிசையாகப் படித்து, ரெக்டரோடும் பிஎச்பிஸ்டானோடும் ஒவ்வொரு பதிப்பாக ஏறி வாருங்கள்.

வேலையில் இருந்தபடி மேலே போக விரும்புபவர்: ஒரு தொகுப்புச் செய்தி, மாதம் ஒரு முன்மொழிவு, தன் ஃபிரேம்வொர்க்குக்கான வீடியோ சந்தா.

குழுத் தலைவர்: ஆண்டுதோறும் நவம்பரில் புதிய பதிப்பு வந்தவுடன், குழு முழுவதும் உட்கார்ந்து மாறுதல் அத்தியாயத்தைப் படிக்க அரைநாள் ஒதுக்குங்கள்.

மாற்றங்களும் அவற்றின் காரணங்களும் மூலத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை வேறொருவர் திருப்பிச் சொல்வதற்குப் பணம் கட்ட வேண்டாம். ஒழுங்கான வரிசைக்கும், கைப்பயிற்சிக்கும், உங்கள் தவறைப் பார்த்துச் சொல்லும் ஆளுக்கும் கட்டுங்கள். இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: உங்கள் சர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது, அதற்கான ஆதரவு எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். அடுத்து எதைப் படிப்பது என்பதை அந்தத் தேதியே பெரும்பாலும் முடிவு செய்துவிடும்.