வானெல்லையும் சட்டமும்

2018ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் இரவு. இலண்டனுக்குத் தெற்கேயுள்ள காட்விக் விமான நிலையத்தில், டிரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தி பறப்பதாகத் தகவல் வந்தது. ஓடுதளம் உடனே மூடப்பட்டது. மூன்றாம் நாள்வரை நீடித்த குழப்பத்தில் ஏறத்தாழ 1,000 விமானங்களின் பயணம் தடைப்பட்டது. கிறித்துமசு விடுமுறைக்குப் புறப்பட்ட 1,40,000 பயணிகள் அல்லலுற்றனர். இராணுவமும் வரவழைக்கப்பட்டது. நெடிய விசாரணைக்குப் பின்னும் இயக்கியவர் எவரென்று கண்டறிய இயலவில்லை.

சட்டம் இல்லாமையால் நேர்ந்த இடரன்று இது. விமான நிலைய எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் டிரோனைப் பறக்கவிடுவதற்குப் பிரிட்டன் அவ்வாண்டு ஜூலை இறுதியிலேயே தடை விதித்திருந்தது. தடை ஏட்டில் இருந்தது. தடையை மீறுபவரைப் பிடிக்கும் வழிதான் இல்லை.

சுட்டு வீழ்த்தினால் என்ன என்று நமக்குத் தோன்றலாம். இலக்குத் தவறிய குண்டு எங்கே சென்று விழும்? டிரோனை இயக்கும் வானலையைக் குலைத்தாலோ, விமானங்களின் தகவல்தொடர்பும் வழிகாட்டு அமைப்பும் சேர்ந்தே குலையக்கூடும். காக்கப்படவேண்டிய இடமே காப்போரின் கையைக் கட்டிவிடுகிறது. எனவே எவர், எந்நிலையில், எவ்வகை ஆற்றலைப் பயன்படுத்தலாம் என்பதையும் சட்டம் வரையறுத்தாக வேண்டும். தடை விதிப்பதைவிட இதுவே கடினம்.

பிரிட்டன் 2019 மார்ச்சில் தடைப்பகுதியை ஏறத்தாழ 5 கிலோமீட்டராக விரித்தது. அவ்வாண்டு நவம்பர் இறுதியிலிருந்து, 250 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ள டிரோன்களை இயக்குவோர் பதிவு செய்துகொள்வது கட்டாயமாயிற்று. டிரோனைத் தரையிறக்குமாறு ஆணையிடவும், ஐயத்திற்குரியவரை நிறுத்திச் சோதிக்கவும் காவல்துறைக்கு அதிகாரம் தந்தது 2021ஆம் ஆண்டுச் சட்டம்.

அதே 2021இல் இந்தியாவும் இச்சிக்கலை எதிர்கொண்டது. ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தின்மீது டிரோன்வழி வெடிபொருள்கள் வீசப்பட்டன. இரண்டு மாதங்களில் வெளிவந்த டிரோன் விதிகள் முன்னினும் கடுமையாக இருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் அவை தளர்ந்தே இருந்தன! நிரப்பவேண்டிய படிவங்கள் 25இலிருந்து 5ஆகக் குறைந்தன. வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பகுக்கப்பட்டது. சிவப்புப் பகுதியில் பறக்க ஒன்றிய அரசின் அனுமதி தேவை. பயிருக்கு மருந்து தெளிப்பதற்கும் நிலம் அளப்பதற்கும் பயன்படும் கருவியை முடக்காதது நல்ல முடிவே. விதிமீறலுக்குத் தண்டம் ஓர் இலட்சம் ரூபாய் வரை. வெடிபொருளுடன் டிரோனை அனுப்புபவன் அத்தண்டத்திற்கு அஞ்சப்போவதில்லை. எனினும், முறையாகப் பறப்பவற்றுக்குத் தனி அடையாள எண் இருப்பதால், எண்ணற்று வருவதன்மீது காவலரின் கவனம் விரைந்து திரும்ப வழியுண்டு.