கல்லான குக்கீயும் கற்ற வேதியியலும்

வேதியியல் சோதனைக் குழாய்க்குள் மட்டும் நிகழ்வதன்று. அடுப்பங்கரையிலும் அது அன்றாடம் நிகழ்கிறது என்று நம் பேராசிரியர்கள் வகுப்பில் கூறுவதுண்டு. அதன் பொருளை எனக்கு உணர்த்தியவை ஒரு தட்டு குக்கீகள்.

மாலை நேரங்களில் நான் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறேன். ஓட்ஸ், உலர் திராட்சை, சாக்லேட் சேர்த்து, மெத்தென்று மென்று தின்னும்படியான குக்கீகள் வேண்டுமென ஒருவர் கேட்டிருந்தார். நானே செய்கிறேன் என முன்வந்தேன். ஆறியபோது அவை கல்லாகிவிட்டன. "தம்பி, நீ கெமிஸ்ட்ரி படிக்கிறவனாச்சே, ஏன் இப்படி ஆச்சு?" என்றார் மாஸ்டர். சுக்ரோஸின் நீராற்பகுப்பைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவன், விடை தெரியாமல் நின்றேன். அன்றிரவு பாடநூலை மீண்டும் எடுத்தேன்.

சாக்லேட் துண்டுகள் சேர்த்த குக்கீ அமெரிக்காவில் பிறந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் விட்மன் ஊரில் டோல் ஹவுஸ் என்ற விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்டு என்னும் அம்மையார் 1930களில் அதை உருவாக்கினார். வெள்ளைச் சர்க்கரையோடு பழுப்புச் சர்க்கரையும் அதில் சேர்ந்தது. என் முதல் பிழை இங்கேதான்: நான் வெள்ளைச் சர்க்கரை மட்டுமே சேர்த்திருந்தேன்.

வெள்ளைச் சர்க்கரை ஏறக்குறைய தூய சுக்ரோஸ். ஆறும்போது அது மீண்டும் படிகமாகி மொறுமொறுப்பைத் தருகிறது. பழுப்புச் சர்க்கரையிலோ குளுக்கோசும் பிரக்டோசும் சிறிதளவு உண்டு. இவை படிகமாவதைத் தடுக்கின்றன; பிரக்டோஸ் ஈரத்தை ஈர்த்து வைத்துக் கொள்கிறது. நம் நாட்டுச் சர்க்கரையும் இவ்வேலையைச் செய்யும்.

இரண்டாவது பிழை, மாவைச் சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்தது. மைதாவின் புரதம் நீருடன் சேர்ந்து பிசையப் பிசைய குளூட்டன் வலையாக இறுகும். மூன்றாவது, திராட்சையை ஊறவைக்காமல் போட்டது. காய்ந்த பழம் மாவின் ஈரத்தை உறிஞ்சிவிட்டது. நான்காவது, நன்கு சிவக்கட்டும் என்று அடுப்பிலேயே விட்டது. அந்தச் சிவப்பு, அமினோ அமிலமும் சர்க்கரையும் வினைபுரிவதால் வருவது. பிரெஞ்சு அறிஞர் மெய்லார்டு இதை 1912இல் விளக்கினார். ஆனால் நிறம் மிக மிக நீரும் வெளியேறிவிடுகிறது.

இரண்டாம் முறைக்கான பொருள்களை என் கூலியிலிருந்தே வாங்கினேன். அளவுகள் இவை: வெண்ணெய் 100 கிராம், நாட்டுச் சர்க்கரை 75 கிராம், வெள்ளைச் சர்க்கரை 50 கிராம், முட்டை 1, மைதா 95 கிராம், ஓட்ஸ் 135 கிராம், திராட்சை 75 கிராம், சாக்லேட் துண்டுகள் 75 கிராம், ஆப்ப சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. சோடா மிகுந்தால் சோடியம் கார்பனேட் தங்கிச் சோப்புச் சுவை வரும்.

வெண்ணெயையும் சர்க்கரைகளையும் குழைத்து, முட்டையை அடித்துச் சேர்த்தேன். மைதா, சோடா, உப்பைக் கலந்து, மாவு மறைந்ததும் கிளறுவதை நிறுத்தினேன். பிறகு ஓட்ஸ், வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்துத் துடைத்த திராட்சை, சாக்லேட் ஆகியவற்றைச் சேர்த்தேன். ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்னும் நார்ப்பொருள் நீரைப் பிடித்துக் கூழ்போல் நிற்பது. வெண்ணெய் உருகிப் பரவாதிருக்கக் கலவையை அரை மணி குளிரவைத்தேன். 175 டிகிரி சென்டிகிரேடில் 11 நிமிடம் சுட்டு, ஓரம் சிவந்து நடு வேகாததுபோல் இருக்கும்போதே வெளியே எடுத்தேன். தட்டின் சூடே 5 நிமிடத்தில் மீதியை முடித்தது.

மாஸ்டர் ஒன்றை எடுத்து வளைத்தார். அது ஒடியாமல் வளைந்தது. "இப்ப சொல்லு, ஏன்?" என்றார். பிரக்டோஸ் என்ற பெயரைச் சொல்லாமலே, சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைக்கும் கதையைச் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

மாணவ நண்பர்களே, தேர்வில் எழுதிய விடை எனக்கு மதிப்பெண் தந்தது. அதையே ஒருவருக்கு விளங்கச் சொன்ன அன்றுதான், படித்திருக்கிறேன் என்று சொல்லும் துணிவு எனக்கு வந்தது.