ஐந்தாம் கற்பனையும் பூச்சி மருந்தும்



ஞானோபதேச வகுப்பில் ஐந்தாம் கற்பனையைப் பற்றிக் கேட்டால், "நான் யாரையும் கொன்றதில்லையே சாமி" என்று பிள்ளைகள் உடனே சொல்லிவிடுகிறார்கள். பெரியவர்களும் அப்படித்தான் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் கொல்ல நினையாதவர்களாலேயே சாவு நேரிட்டால் என்ன சொல்வது? செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால் நடந்த ஒரு சம்பவத்தைக் கேளுங்கள்.

1958-ம் வருஷம் ஏப்ரல், மே மாதங்களில், கேரளத்தில் கோதுமை மாவுப் பண்டங்களை உண்டவர்களில் 100-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். உணவு மூட்டைகளும் பாராத்தியான் என்னும் பூச்சிக்கொல்லியும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டு வந்தன. வழியில் மருந்து கசிந்து மூட்டைகளில் இறங்கிவிட்டது. ஏற்றியவர், இறக்கியவர், விற்றவர் எவருக்கும் கொலை எண்ணம் இல்லை. பூச்சி மருந்துக்கென்று நாடு முழுமைக்குமான தனிச் சட்டமும் அன்று இல்லை. நீதிபதி ஷா தலைமையில் விசாரணைக் கமிஷன் அமர்ந்தது. சட்டம் நிறைவேறியது 1968-ல். நடைமுறைக்கு வந்ததோ 1971-ல். செத்தவர்களின் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும் வரை காத்திருந்த சட்டம் என்றே சொல்ல வேண்டும்.

நமக்கும் இதற்கும் என்ன என்று கேட்பீர்கள். பாவூர்சத்திரம் சந்தையில் ஏற்றும் காய்கறி, புளியரை வழியாக அதே கேரளத்துக்குத்தான் போகிறது. அன்று நஞ்சு உண்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் கத்தரியையும் வெண்டையையும் நம்பி உண்கிறார்கள். நம் வீட்டுச் சட்டியில் வேகிறதும் அதுதானே!

சட்டம் இருந்தும் ஓட்டை இல்லாமல் இல்லை. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கலாகாது என்ற தடை 2005-லேயே வந்தது. ஆனால் நெல்லுக்கு, பருத்திக்கு என்று விற்ற புட்டி, கடையை விட்டு இறங்கியபின் எந்தத் தோட்டத்துக்குப் போயிற்று என்று யார் பார்த்தது? காய்ப்புழுவால் பாதி வெள்ளாமையை இழந்த சம்சாரியை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைக்காரர் சொன்னதே அவருக்கு வேதவாக்காக இருந்தது.

மனம் உடைந்த வேளையில் நஞ்சு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கலாகாது என்று கருதி, தமிழ்நாட்டு சர்க்கார் 2023-ல் ஆறு பூச்சி மருந்துகளுக்குத் தடை போட்டது. எத்தனை நாளைக்கு? 60 நாள். 1968-ம் வருஷச் சட்டத்தின் 27-ம் பிரிவு மாநிலத்துக்குக் கொடுத்த அதிகாரம் அவ்வளவுதான்; விசாரணை முடியாவிட்டால் மேலும் 30 நாள் வரை நீட்டலாம். தடை முடிந்த மறுநாள் அதே புட்டி அலமாரிக்குத் திரும்பலாம். நிரந்தரமாகத் தடுப்பது டில்லியின் கையில். எண்டோசல்பானை நிறுத்த 2011-ல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியதாயிற்று. ஆகவே ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் சாலை, விளக்கு கேட்பதுபோல, மாநிலத்துக்கு இந்த அதிகாரம் ஏன் கூடுதலாக இல்லை என்றும் கேளுங்கள்.

சட்டம் திருந்தும்வரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். புட்டியின் மேல் முக்கோணத்தைப் பாருங்கள்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. மீந்த மருந்தைச் சோடாப் புட்டியில் ஊற்றி அடுக்களையில் வையாதீர்கள். தெளிப்பானை வாய்க்காலில் அலம்பாதீர்கள். குற்றாலத்தில் விழுந்த தண்ணீர்தான் சிற்றாறாக ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியைச் சேருகிறது, வழியெல்லாம் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மருந்து வாங்கினால் ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாத புட்டியைப் பற்றி வேளாண்மை அதிகாரியிடம் முறையிடப் போனால், எந்தக் கடை என்று காட்ட உங்களிடம் ஒன்றுமிராது.