ஏலப்பாறைக் குளிரில் வாத்துப் பாவ்

வீட்டிலேயே பாவ் (உள்ளே பூரணம் வைத்து ஆவியில் வேகவைக்கும் சீன மாவுப் பண்டம்) செய்கிறேன் என்றால் எல்லோரும் முதலில் மாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் வாத்திலிருந்துதான் தொடங்குவேன். மாவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சாப்பிட்டுவிடலாம். கவிச்சி அடிக்கிற வாத்தை வாயில் வைக்க முடியாது.

குட்டநாட்டு வாத்தில் சாரா, செம்பல்லி என்று இரண்டு இனம் உண்டு. இரண்டையும் பெரும்பாலும் முட்டைக்காகத்தான் வளர்க்கிறார்கள். முட்டை நின்ற கிழடுகள் கறிக்கு வந்துவிடும். எத்தனை விசில் விட்டாலும் அவை நார்நாராகத்தான் நிற்கும். அதனால் இளசா என்று கேட்டு வாங்குங்கள். அறுவடை முடிந்த வயலில் மேய்ந்ததென்றால் கொழுப்பும் ருசியும் கூடுதல். கம்பம் பள்ளத்தாக்கு வயல்களிலும் வாத்து மேய்ப்பார்கள். அந்த வயல்களுக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணை எங்கள் ஏலப்பாறை இருக்கும் பீர்மேடு தாலுகாவில்தான் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

வாலுக்கு மேலே மஞ்சளாக இரட்டைக் கட்டிபோல் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கும். கவிச்சியில் பெரும்பங்கு அதனால்தான். கத்தியை ஆழமாக இறக்கி அதைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். தோலில் குத்திட்டு நிற்கும் கறுப்பு இறகுமுளைகளைப் பிடுங்கி, தீயில் ஒரு வாட்டு வாட்டி, மஞ்சளும் வினிகரும் தேய்த்து இரண்டு முறை கழுவினால் போதும்.

பெய்ஜிங் வாத்துபோல் தோல் மொறுமொறுவென்று வர வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். அதற்கு வாத்தைக் காற்றில் தொங்கவிட்டுத் தோலைக் காயவைக்க வேண்டும். ஆடி மாத மூடுபனியில் எங்கள் தோட்ட லயத்துக் கொடியில் துணியே காய்வதில்லை, இதில் வாத்து எங்கே காயும்? பெய்ஜிங்கில் 1864இல் தொடங்கிய சுவான்ஜுதே உணவகத்தில்கூட அந்த மொறுமொறுத் தோலை மெல்லிய ரொட்டியில் சுருட்டித்தான் தருகிறார்கள். ஆவியில் வேகும் பாவுக்குள் வைத்தால் எந்த மொறுமொறுப்பும் நமத்துவிடும். அதற்குப் பொருத்தம் குட்டநாட்டு ரோஸ்ட்தான்.

சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பெருஞ்சீரகம், தாராளமாக மிளகு. எல்லாம் வழக்கம்போல. தேங்காய்ப்பால் மட்டும் வேண்டாம், பூரணம் இளகிவிடும். கறி எலும்பை விட்டுக் கழன்றதும் எடுத்துப் பிய்த்துவிடுங்கள். எலும்பு ஒரு துண்டும் தங்கக் கூடாது. பாவை யாரும் பார்த்துக் கடிக்க மாட்டார்கள். கடைசியில் ஓர் அன்னாசிப்பூ, இரண்டு கரண்டி சோயா சாஸ், நெல்லிக்காய் அளவு மறையூர் வெல்லம் சேர்த்து, ஒரு தேக்கரண்டி சோளமாவைக் கரைத்து ஊற்றிச் சுருளவிடுங்கள். சீனக் கடைகளில் விற்கும் ஹோய்சின் சாஸை இங்கே தேடி அலைய வேண்டியதில்லை.

இனி அதை ராத்திரி முழுக்க ஆறவிடுங்கள். எங்கள் ஊர்க் குளிர் கைகொடுப்பது இந்த இடத்தில்தான். மார்கழியில் சட்டியை மூடி வெளி அடுக்களையில் வைத்தாலே விடிவதற்குள் வாத்துக்கொழுப்பு வெள்ளையாக உறைந்து பூரணத்தைக் கட்டிவிடும். மற்ற மாதங்களில் பிரிட்ஜ். உறைந்த பூரணம் உருட்டினால் உருண்டையாக நிற்கும். ஆவியில் போனதும் கொழுப்பு இளகி உள்மாவில் ஊறும். சூடான பூரணத்தை வைத்தால் அடிமாவு கிழிந்து குழம்பு ஒழுகும்.

ஆனால் அதே குளிர் மாவுக்கு எதிரி. 300 கிராம் மைதா, 30 கிராம் சோளமாவு, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், 170 மில்லி அளவுக்கு விரல் பொறுக்கும் சூட்டில் தண்ணீர். மழைக்காலத்தில் மைதாவே ஈரம் குடித்திருக்கும், அதனால் இரண்டு கரண்டித் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு பிசையுங்கள். கீழ்நாட்டில் ஒரு மணி நேரத்தில் பொங்கும் மாவு இங்கே இரண்டு மணி நேரம் கேட்கும். அவசரத்துக்கு ஈஸ்ட்டைக் கூட்டினால் புளித்த வாடைதான் மிச்சம். கவாத்துக் குச்சி எரிந்து தணிந்த அடுப்பின் பக்கத்தில், ஈரத்துணி போர்த்தி வைத்துவிடுவது என் வழக்கம். விரலால் அழுத்தினால் குழி மெதுவாக மேலே வர வேண்டும். சட்டென்று நிமிர்ந்தால் இன்னும் நேரமிருக்கிறது.

மாவு உருண்டையைத் தட்டும்போது நடு தடிமனாகவும் ஓரம் மெல்லியதாகவும் இருக்கட்டும். பூரணத்தை நடுவில் வைத்துக் கொசுவி மூடி, வாழையிலைத் துண்டில் வைத்து, மறுபடி அரை மணி நேரம் விடுங்கள். நான் கொசுவுவதைப் பார்த்த பக்கத்து லயத்து அத்தை கேட்டார்: “ஏ புள்ள, கொழுக்கட்டைக்குள்ள யாராச்சும் கறிய வைப்பாங்களா?” தின்று முடித்துவிட்டு வீட்டுக்கும் நாலு கட்டிக்கொண்டு போனார்.

வேகவைக்க இட்லிப் பானையே போதும். மூடியில் துணி கட்டாவிட்டால் சொட்டும் நீர் பாவின் மேல் தழும்பு போடும். இந்த உயரத்தில் தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் சமையல் குறிப்பில் பன்னிரண்டு நிமிடம் என்று எழுதியிருந்தால் பதினைந்து வையுங்கள். அணைத்ததும் மூடியைத் தூக்காதீர்கள். ஒரு கரண்டிக் காம்பை இடையில் செருகி ஐந்து நிமிடம் ஆவியை விட்ட பிறகு திறந்தால் பாவ் சுருங்காது.

2014இலும் 2024இலும் குட்டநாட்டில் பறவைக்காய்ச்சல் வந்து வாத்துகளைக் கூட்டம் கூட்டமாக அழித்தார்கள். அப்படிப்பட்ட சமயங்களில் நான் பன்றிக்கறிக்கு மாறிவிடுவேன். சீனர்களின் சார் சியூ பாவும் பன்றிக்கறிதானே. மாவு மீந்தால் தேங்காயும் வெல்லமும் வையுங்கள். மலேசியாவில் தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்த்துக் கிண்டிய காயாவை வைக்கிறார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

மீந்த பாவை பிரிட்ஜில் மூடி வைத்தால் இரண்டு நாள் தாங்கும். மறுபடி ஆவியிலேயே சூடுபண்ணுங்கள், மைக்ரோவேவ் வேண்டாம்.